காடு யாருடையது, கடைக்கு மரம் எங்கிருந்து வருகிறது? மரம் நடும் விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வரப்பில் பத்து தேக்கு, மானாவாரியில் இரண்டு ஏக்கர் மலைவேம்பு, மணற்பாங்கான நிலத்தில் சவுக்கு என்று நம் விவசாயிகள் பலர் மரப்பயிருக்கு மாறி வருகின்றனர். ஆள் கிடைப்பதில்லை, தண்ணீர் போதவில்லை என்பவை முக்கியக் காரணங்கள். கன்று எங்கே கிடைக்கும், இடைவெளி எவ்வளவு, எத்தனை ஆண்டில் வெட்டலாம் என்று விசாரிப்பவர்கள் இரண்டு விஷயங்களை மட்டும் விட்டுவிடுகிறார்கள். வளர்ந்த மரம் சட்டப்படி யாருக்குச் சொந்தம்? அதை வாங்கும் ஆலை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? நெல் என்றால் ஒரு போகத்தில் தப்பு தெரிந்துவிடும். மரத்தில் அது தெரிய பதினைந்து, இருபது வருடம் ஆகும். இந்தியாவின் ஒவ்வொரு பகுதியிலும் காடு யார் கையில் இருக்கிறது, மரம் எங்கே போகிறது என்று பார்த்தால் இந்த இரண்டு கேள்விகளின் எடை புரியும்.

காடு உள்ள இடம் வேறு, மரம் வரும் இடம் வேறு

இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2023-ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டின் வனப்பரப்பு சுமார் 7.15 லட்சம் சதுர கிலோமீட்டர். மொத்த நிலப்பரப்பில் இது 21.76 சதவீதம். பரப்பளவில் மத்தியப் பிரதேசம் முதலிடம், அடுத்து அருணாச்சலப் பிரதேசம், அதற்கடுத்து சத்தீஸ்கர். தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்கு நிலம் வனப்பரப்புக் கணக்கில் வருகிறது.

இந்தக் கணக்கில் ஒரு சங்கதி உண்டு. செயற்கைக்கோள் படத்தில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாமல், பத்து சதவீதத்துக்கு மேல் மர நிழல் தெரிந்தால் அது வனப்பரப்பு. நிலம் யாருடையது, மரம் என்ன மரம் என்று பார்ப்பதில்லை. அதனால்தான் சதவீதக் கணக்கில் லட்சத்தீவு 90-ஐத் தாண்டி முதலிடத்தில் நிற்கிறது. அங்கே இருப்பது பெரும்பாலும் தென்னந்தோப்பு. கேரளத்தின் ரப்பர் தோட்டமும் குடகின் காப்பித் தோட்டமும் இப்படித்தான் கணக்கில் சேருகின்றன. எனவே ஒரு மாநிலத்தில் வனப்பரப்பு கூடியது என்று செய்தி வந்தால், கூடியது காடா தோப்பா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சட்டப்படி காடு என்று அரசு ஆவணங்களில் பதிவான நிலம் தனிக்கணக்கு. அது சுமார் 7.75 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் பாதிக்கும் மேல் காப்புக்காடு. பெரும்பகுதி மாநில வனத்துறைகளின் கையில்தான் இருக்கிறது.

அப்படியானால் நாட்டுக்குத் தேவையான மரமும் வனத்துறையிடமிருந்துதான் வரவேண்டும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. அதே வன ஆய்வு நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, அரசுக் காடுகளிலிருந்து ஓர் ஆண்டில் வெளிவந்த மரம் சுமார் 32 லட்சம் கன மீட்டர். காட்டுக்கு வெளியே, அதாவது வயல், வரப்பு, தோப்பு, சாலையோர மரங்களிலிருந்து ஆண்டுக்குக் கிடைக்கக்கூடியது சுமார் 4.28 கோடி கன மீட்டர். 2023 அறிக்கையில் இந்த இரண்டாவது எண் 9 கோடியைத் தாண்டிவிட்டது. பிளைவுட், காகிதம், தீப்பெட்டி, பேக்கிங் பெட்டி எல்லாவற்றுக்கும் மரம் தருவது இன்று பெரும்பாலும் விவசாயியின் நிலம்.

நீலகிரியில் தொடங்கிய வழக்கு

இந்த நிலை தானாக வந்துவிடவில்லை. நமக்குப் பக்கத்திலேயே, நீலகிரி மாவட்டம் கூடலூரில் தொடங்கியது. அங்குள்ள ஜென்ம நிலங்கள் ஒரு காலத்தில் நிலம்பூர் கோவிலகத்துக்குச் சொந்தமாக இருந்தவை. ஜென்ம முறையை ஒழிக்க தமிழக அரசு 1969-இல் சட்டம் கொண்டுவந்தது. உரிமை யாருக்கு என்ற வழக்குகள் இழுத்துக்கொண்டே போக, நடுவில் மரங்கள் வெட்டப்பட்டன. கோவிலகத்தைச் சேர்ந்த டி.என். கோதவர்மன் திருமுல்பாட் 1995-இல் உச்ச நீதிமன்றம் போனார்.

1996 டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு கூடலூரோடு நிற்கவில்லை. காடு என்ற சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருள் எதற்கெல்லாம் பொருந்துமோ அதெல்லாம் காடுதான், நிலம் யார் பெயரில் இருந்தாலும் சரி என்றது. மத்திய அரசு ஒப்புதல் தந்த செயல் திட்டம் இல்லாமல் எந்த மாநிலக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்றது. வடகிழக்கு மாநிலங்களிலிருந்து வெளி மாநிலங்களுக்கு மரம் போவதை நிறுத்தியது. அருணாச்சலத்தின் திராப், சாங்லாங் மாவட்டங்களிலும், அதை ஒட்டிய அசாம் எல்லைப்பகுதியிலும் இயங்கிய மர அறுவை, பிளைவுட் ஆலைகளை உடனே மூடச் சொன்னது.

அதுவரை இந்தியாவின் பிளைவுட் என்றால் அசாம், அருணாச்சலக் காட்டு மரம். ஒரே உத்தரவில் அந்த வாசல் அடைபட்டது. பிளைவுட் தொழில் இரண்டு இடங்களுக்கு நகர்ந்து பெருகியது. ஒன்று ஹரியானாவின் யமுனாநகர், இன்னொன்று கேரளத்தின் பெரும்பாவூர். இரண்டு ஊரிலும் சொல்லிக்கொள்ளும்படி காடு கிடையாது. யமுனாநகரைச் சுற்றி பாப்லர் நட்ட விவசாயிகள் இருந்தார்கள். பெரும்பாவூரைச் சுற்றி பால் வற்றிய ரப்பர் மரங்கள் இருந்தன. மரம் எங்கே விற்கத் தடையின்றிக் கிடைக்கிறதோ அங்கே ஆலை போகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை.

வடகிழக்கு: காடு மக்களுடையது, விற்கும் வழி அடைபட்டது

நாட்டின் வனப்பரப்பில் ஏறக்குறைய கால் பங்கு வடகிழக்கில் இருக்கிறது. அங்கு நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு காடு. ஆனால் உரிமை முறை நமக்குப் பழக்கமில்லாதது. நாகாலாந்தில் காட்டின் பெரும்பகுதி கிராமங்கள், குலங்கள், தனிநபர்களுக்குச் சொந்தம். மேகாலயாவில் வனத்துறையின் நேரடிப் பொறுப்பில் இருப்பது மிகச் சிறு பகுதிதான். மற்றவை குலங்களின் கையிலும், அரசியல் சட்டத்தின் ஆறாவது அட்டவணைப்படி அமைந்த தன்னாட்சி மாவட்டக் குழுக்களின் கட்டுப்பாட்டிலும் இருக்கின்றன. ஷில்லாங்குக்கு அருகே மாவ்ப்லாங் ஊரில் உள்ள கோயில் காடு பிரசித்தம். அங்கிருந்து ஓர் இலையைக்கூட எடுத்துப் போகக் கூடாது என்பது ஊர்க்கட்டுப்பாடு. நம் ஊர் ஐயனார் காட்டை நினைத்துக்கொள்ளலாம்.

1996 உத்தரவு இந்த மக்களைக் கடுமையாகப் பாதித்தது. நிலம் அவர்களுடையது, மரமும் அவர்களுடையது, ஆனால் விற்க வழியில்லாமல் போயிற்று. பிறகு படிப்படியாகச் சில தளர்வுகள் வந்தாலும் பழைய ஆலைகள் பழையபடி திரும்பவில்லை. சொந்தம் என்பது வேறு, வெட்டி விற்கும் உரிமை என்பது வேறு. இதை நாம் கீழே கேரளத்திலும் பார்க்கப் போகிறோம்.

இமயமலை: கலப்பைக்கு மரம் கேட்டவர்கள்

உத்தரகண்டில் வன பஞ்சாயத்து என்று ஒரு முறை இருக்கிறது. வெள்ளையர் ஆட்சியில் குமாவுன் மலைக்காடுகளை காப்புக்காடாக மாற்றியபோது மக்கள் எதிர்த்தார்கள். 1921-இல் பல இடங்களில் காட்டுக்கே தீ வைத்தார்கள். அதன்பின் 1931-இல் கிராமங்களே நிர்வகிக்கும் வன பஞ்சாயத்துகளுக்கு விதிகள் வந்தன. இன்று அங்கே பல ஆயிரம் வன பஞ்சாயத்துகள் இருக்கின்றன. விறகு, தழை, புல் எடுப்பது ஊர் முடிவு. வணிகத்துக்கு மரம் வெட்டுவது மட்டும் வனத்துறை கையில்.

சிப்கோ இயக்கம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெண்கள் மரத்தைக் கட்டிப்பிடித்து நின்றது எல்லோருக்கும் தெரியும். அது தொடங்கிய காரணம் அவ்வளவாகத் தெரியாது. சமோலி மாவட்ட மக்கள் கலப்பையும் நுகத்தடியும் செய்ய 'அங்கு' என்ற மரத்தில் சிலவற்றைக் கேட்டார்கள். வனத்துறை மறுத்துவிட்டது. அதே மரங்களை விளையாட்டுப் பொருள் செய்யும் வெளியூர் நிறுவனத்துக்கு ஒதுக்கியது. 1973-இல் மண்டல் கிராமத்தில் எதிர்ப்பு அதில்தான் கிளம்பியது. சுருக்கமாகச் சொன்னால், ஏர் செய்ய மரம் கிடைக்காத விவசாயிகளின் கோபம் அது. பின்னர் 1981-இல் அந்த மலைப்பகுதியில் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு மேல் வணிகத்துக்காகப் பச்சை மரம் வெட்டத் தடை வந்தது.

மத்திய இந்தியா

தேக்கும் சால மரமும் அரசு டிப்போக்களில் ஏலத்துக்கு வரும் பகுதி இது. நம் ஊர் மரக்கடைகளில் 'சி.பி. தேக்கு' என்கிறார்களே, அது பழைய மத்திய மாகாணத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கம். மகாராஷ்டிராவின் பல்லார்ஷா டிப்போ தேக்குக்குப் பேர்போனது. இங்கே காடு அரசுடையது, காட்டில் வாழ்பவர்கள் பழங்குடியினர். பீடி இலை, இலுப்பைப் பூ போன்றவைதான் அவர்கள் கைக்கு வரும் வருமானம்.

மாற்றம் வந்த இடம் கட்சிரோலி மாவட்டத்தின் மேந்தா லேகா கிராமம். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, ஊர்க்காட்டின் மீது சமூக உரிமை 2009-இல் அந்தக் கிராமத்துக்குக் கிடைத்தது. 2011-இல் தங்கள் மூங்கிலைத் தாங்களே விற்கும் உரிமையையும் பெற்றார்கள். மூங்கிலை மரம் என்று வைத்திருந்த 1927-ஆம் ஆண்டு வனச்சட்டமும் 2017-இல் திருத்தப்பட்டது. காட்டுக்கு வெளியே வளர்க்கும் மூங்கில் இப்போது அந்தச் சட்டப்படி மரம் அல்ல. வரப்பில் மூங்கில் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

பஞ்சாப், ஹரியானா: இரண்டு மரங்கள் சொல்லும் பாடம்

மரப்பயிர் செய்ய நினைப்பவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இதுதான். 1980-களில் பஞ்சாப், ஹரியானா, மேற்கு உத்தரப் பிரதேச விவசாயிகள் பெரிய அளவில் தைலமரம் நட்டார்கள். கம்பத்துக்கும் காகிதத்துக்கும் போகும் என்ற நம்பிக்கை. 1986-க்குப் பிறகு ஒரே நேரத்தில் எல்லோரும் வெட்ட, விலை படுத்துவிட்டது. பலர் வேரோடு பிடுங்கிவிட்டு கோதுமைக்கே திரும்பினார்கள். வரத்து அதிகமானது மட்டும் காரணமில்லை. அப்போது காகித ஆலைகளுக்கு அரசுக் காட்டு மூங்கிலும் மரமும் சலுகை விலையில் கிடைத்தன. அவ்வளவு மலிவாகக் கிடைக்கும்போது விவசாயியிடம் நியாய விலைக்கு யார் வாங்குவார்கள்? 1988-ஆம் ஆண்டு தேசிய வனக் கொள்கைதான் இந்தச் சலுகை விலையை நிறுத்த வேண்டும், ஆலைகள் விவசாயிகளோடு நேரடித் தொடர்பு வைத்துத் தங்களுக்கு வேண்டிய மரத்தை வளர்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னது.

பாப்லர் மரம் அடுத்து வந்தது. இது ஆறு முதல் எட்டு வருடத்தில் வெட்டுக்கு வரும். குளிர்காலத்தில் இலை உதிர்த்துவிடுவதால் கீழே கோதுமைக்கு வெயில் கிடைக்கும். முதல் இரண்டு வருடம் கரும்பும் போடலாம். தீப்பெட்டி நிறுவனம் ஒன்று கன்று கொடுத்து, வங்கிக் கடனுக்கும் வழிசெய்து, வெட்டும்போது வாங்கிக்கொள்வதாக ஒப்பந்தம் போட்டுத்தான் இதைப் பரப்பியது. 1996-க்குப் பிறகு பிளைவுட் ஆலைகள் போட்டி போட்டு வாங்கின. ஆனாலும் எல்லோரும் ஒரே வருடத்தில் நட்டால் ஒரே வருடத்தில்தான் வெட்டுக்கு வரும். பாப்லரிலும் விலை ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கிறது. தைலமரத்துக்கும் பாப்லருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பாப்லருக்குப் பக்கத்திலேயே நூற்றுக்கணக்கான ஆலைகள் இருப்பதால் விலை இறங்கினாலும் வாங்க ஆள் இருக்கிறது.

கேரளம்: நிலம் உன்னுடையது, மரம் அரசுடையது

கேரளத்தில் 'ராஜகீய மரங்கள்' என்று ஒரு வகை உண்டு. தேக்கு, ஈட்டி, சந்தனம், கருங்காலி. மன்னராட்சிக் காலத்துப் பழக்கம் இது. மைசூரில் திப்பு சுல்தான் 1792-இல் சந்தனத்தை அரச மரமாக அறிவித்ததும் இதே வழக்கில்தான். அரசு பட்டா கொடுத்த நிலங்களில், பட்டா கொடுக்கும்போது நின்றிருந்த இந்த மரங்களை அரசு தனக்கென்று நிறுத்திக்கொண்டது.

2020 அக்டோபரில் வந்த அரசாணை ஒன்றைக் காட்டி வயநாடு மாவட்டம் முட்டிலில் ஏராளமான ஈட்டி மரங்கள் வெட்டப்பட்டன. அனுமதி இருக்கிறது என்று நம்பி பழங்குடியினரும் சிறு விவசாயிகளும் மரத்தைக் கொடுத்தார்கள். அரசாணை சில மாதங்களில் திரும்பப் பெறப்பட்டது. 2021-இல் விவகாரம் வெடித்து, மரங்கள் பறிமுதலாகி, வழக்கு இன்றும் பேசப்படுகிறது. மரத்தை வாங்கியவர் சொல்லும் 'பர்மிட் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்ற பேச்சை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு இது போதும்.

நம் மாநிலத்தில்

தமிழ்நாட்டில் காட்டு மரத்தை நம்பி ஆலை நடத்தும் காலம் முடிந்துவிட்டது. கரூர் காகிதபுரம், மணப்பாறை அருகே மொண்டிப்பட்டி, ஈரோட்டுப் பக்கம் பள்ளிபாளையம் ஆகிய இடங்களில் உள்ள காகித ஆலைகள் சவுக்கும் தைலமரமும் வாங்குகின்றன. கடலூர், விழுப்புரம் கடலோரத்தில் சவுக்கு பல தலைமுறைப் பயிர். கம்பம், சாரம், காகிதக்கூழ் என்று மூன்று வகை வாங்குபவர்கள் இருப்பதுதான் சவுக்கின் பலம். மலைவேம்பு பிளைவுட்டுக்குப் போகும். ஆனால் ஆலை தூரமாக இருந்தால் லாரி வாடகை லாபத்தைத் தின்றுவிடும். தேக்கில் நமக்குப் போட்டி தூத்துக்குடித் துறைமுகம் வழியாக வரும் வெளிநாட்டுத் தேக்கு. செட்டிநாட்டு வீடுகளைத் தாங்கி நிற்கும் பர்மா தேக்கு இனி அந்த அளவுக்கு வராது. மியான்மர் 2014-இல் உருட்டு மர ஏற்றுமதியை நிறுத்திவிட்டது. அந்த இடத்தை ஆப்பிரிக்க, தென்னமெரிக்கத் தோட்டத் தேக்கு பிடித்திருக்கிறது.

சட்டப்பக்கம் பார்த்தால், சமவெளியில் சவுக்கு, தைலமரம் வெட்டி ஏற்றுவதில் சிக்கல் இல்லை. தேக்கு, ஈட்டி போன்றவற்றை ஏற்றிச் செல்ல 1968-ஆம் ஆண்டு மரப் போக்குவரத்து விதிகளின்படி வனத்துறையின் வழி அனுமதிச் சீட்டு வேண்டும். நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளில் 1955-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம் உள்ளது. சொந்தப் பட்டாவாக இருந்தாலும் மாவட்டக் குழுவின் அனுமதி பெற்றே வெட்ட வேண்டும். சந்தனம் 2002 திருத்தத்துக்குப் பின் நில உரிமையாளருக்கே சொந்தம். ஆனால் வெட்டுவதும் விற்பதும் வனத்துறை மூலமாக மட்டுமே.

எனவே கன்று நடும் ஆண்டிலேயே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி, சர்வே எண் வாரியாக என்ன மரம், எத்தனை, எந்த ஆண்டு நட்டது என்று அடங்கலில் பதிவு செய்துகொள்ளுங்கள். பல விவசாயிகள் வெட்டும்போதுதான் அடங்கலைத் தேடுகிறார்கள். மரம் கண்முன்னே நிற்கும், ஏட்டில் இருக்காது. உங்கள் நிலம் ஒப்படைப் பட்டா என்றால் அதில் மரம் பற்றிய நிபந்தனை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். வெளி மாநிலத்துக்கு அனுப்புவதானால் 2023 டிசம்பரில் நாடு முழுவதற்கும் தொடங்கிய தேசிய வழி அனுமதி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். 2025 ஜூனில் விவசாய நிலத்து மரங்களை வெட்டுவதற்கான மாதிரி விதிகளை மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பியுள்ளது. நிலத்தையும் மரங்களையும் இணையத்தில் பதிவு செய்து, அதன் அடிப்படையில் அனுமதி தருவது அதன் நோக்கம். எந்த மாநிலம் எப்படி ஏற்கிறது என்பதைப் பொறுத்தே பலன்.

விற்கும்போது அளவையில் கவனம் வேண்டும். காகித ஆலை டன் கணக்கில் வாங்கும். வெட்டிப் போட்டு நாள் கடத்தினால் ஈரம் வற்றி எடை குறையும். லாரி உறுதியான பிறகே வெட்ட ஆரம்பியுங்கள். தேக்கில் வைரம் பாய்ந்த பகுதிக்குத்தான் விலை. பத்து வருடத் தேக்கில் வெளிப்புற வெள்ளைப் பகுதியே அதிகம் இருக்கும், வியாபாரி அதைக் கழித்துத்தான் பேசுவார். உருட்டு மரத்தைக் கன அடியாக அளக்க, சுற்றளவை அங்குலத்தில் எடுத்து நாலால் வகுத்து, வந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கி, நீள அடியால் பெருக்கி, 144-ஆல் வகுப்பது வழக்கம். 36 அங்குலச் சுற்றளவு, 10 அடி நீளம் உள்ள கட்டைக்கு இப்படி 5.6 கன அடி வரும். உண்மையில் அந்தக் கட்டையில் இருப்பது சுமார் 7.2 கன அடி. அறுவையில் போகும் கழிவுக்காக ஐந்தில் ஒரு பங்கை இந்த முறையே கழித்துவிடுகிறது. அதற்கு மேலும் பட்டைக்கு, வளைவுக்கு என்று கழிவு கேட்டால், ஏற்கெனவே கழித்தாகிவிட்டது என்று சொல்லி விலை பேசலாம்.